பிளைவீலில் குறைத்த எடை கிளட்சின் தலையில்

பழைய காரின் கியர்பாக்ஸைக் கழற்றிக் கீழே இறக்கிய அன்று உரிமையாளருக்கு ஒரு ஆசை வரும். "இவ்வளவு தூரம் பிரித்தாயிற்று. கிளட்சையும் பிளைவீலையும் கையோடு நல்லதாகப் போட்டுவிட்டால் என்ன?" நல்லது என்றால் அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டு: எடை குறைந்த பிளைவீல், பிடி கூடிய கிளட்ச். பிளைவீல் என்பது எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முனையில் சுழலும் கனத்த தட்டு; அதன் முகத்தில் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடித்துத்தான் எஞ்சினின் விசை கியர்பாக்ஸுக்குப் போகிறது. பந்தயக் காரில் இருப்பவை என்பதால் சாலைக் காருக்கும் அவையே உயர்ந்தவை என்ற எண்ணம். ஆறு மாதம் கழித்து அதே கார் ஒவ்வொரு சிக்னலிலும் உதறிக்கொண்டு கிளம்பும். இடது முழங்கால் வலிக்கும். எஞ்சினிலோ குறை ஒன்றும் இருக்காது.

கிளட்சையும் பிளைவீலையும் பட்டியலில் தனித்தனி வரிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. இரண்டுக்கும் கணக்கு ஒன்று. பிளைவீலில் மிச்சம் பிடித்ததைக் கிளட்ச் வெப்பமாகக் கட்டுகிறது. கிளட்சில் கூட்டியதைக் காலும் கிராங்க் ஷாஃப்டும் கட்டுகின்றன. யார் எவ்வளவு கட்டப்போகிறார்கள் என்று முன்கூட்டியே போட்டுப் பார்த்தால் தேர்வு பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

ஒரு சிறு விளக்கம். கார் சேகரிப்பாளர்களின் கறாரான வழக்கில் 'வின்டேஜ்' என்பது 1919 முதல் 1930 வரையிலான கார்களையே குறிக்கும். இங்கே அந்தக் கறார் இல்லை. கார்புரேட்டரும் கேபிள் அல்லது எளிய ஹைட்ராலிக் கிளட்சும் கொண்ட, 1970களின் தொடக்கம் வரையிலான கார்கள் எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறேன்.

விளிம்பில் இருக்கும் எடை

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் அரைச் சுற்று சுற்றும்போது ஒருமுறை எரிபொருள் எரிந்து தள்ளுகிறது. ஆறு சிலிண்டரில் 120 டிகிரிக்கு ஒருமுறை. அந்தத் தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் இடையே அழுத்த வேலையைச் செய்ய யாராவது சக்தி கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பது பிளைவீல். உபரி வந்தபோது வாங்கி வைத்து, பற்றாக்குறையில் திருப்பிக் கொடுக்கிறது. சிலிண்டர் குறையக் குறைய, எஞ்சின் மெதுவாகச் சுற்றச் சுற்ற, இந்தச் சேமிப்பு அதிகம் தேவைப்படும். அந்தக் காலத்து நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பிளைவீல் அம்மிக்கல் போலக் கனப்பதற்குக் காரணம் அதுதான். வடிவமைத்தவர்களுக்கு எடை குறைக்கத் தெரியாமல் இல்லை.

ஆனால் கிலோ கணக்கு மட்டும் போதாது. எடை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தில் நிலைமம், அதாவது சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, கூடுகிறது. 10 கிலோ எடையும் 140 மி.மீ. ஆரமும் கொண்ட சீரான தட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நிலைமத் திருப்புத்திறன் 0.098 கி.கி.மீ². விளிம்பை ஒட்டி, சராசரி 120 மி.மீ. ஆரத்தில் 4 கிலோவைக் கடைந்து எடுத்தால் 0.058 போய்விடும். எடையில் நாற்பது சதவீதம்தான் குறைந்தது. நிலைமத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம் காணாமல் போனது. அதே 4 கிலோவை மையத்துக்கு அருகே 60 மி.மீ. ஆரத்தில் எடுத்திருந்தால் இழப்பு பதினைந்து சதவீதம் மட்டுமே. "ஆறு கிலோ பிளைவீல்" என்று விளம்பரத்தில் பார்த்தால், அந்த ஆறு கிலோ எந்த ஆரத்தில் இருக்கிறது என்று கேட்காமல் வாங்குவதில் பொருளில்லை.

இந்த 0.058ஐ ஓடும் காரின் எடையாக மாற்றிப் பார்க்கலாம். முதல் கியரும் பின்னச்சு விகிதமும் சேர்ந்து 14 என்று வைப்போம். டயரின் ஆரம் 0.3 மீட்டர். விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 125 கிலோ வருகிறது. முதல் கியரில் இரண்டு ஆட்களைக் காரிலிருந்து இறக்கிவிட்டதற்குச் சமம். பந்தயக்காரர்கள் பிளைவீலைக் கடைந்ததற்கு நியாயம் இங்கே இருக்கிறது. இதே கணக்கை மேல் கியரில் போடுங்கள். மொத்த விகிதம் 4. விடை 10 கிலோ. நெடுஞ்சாலையில் மேல் கியரில் முந்திச் செல்லும்போது கிடைக்கும் லாபம், டிக்கியிலிருந்து ஒரு கருவிப் பெட்டியை எடுத்து வைப்பதற்கு மேல் இல்லை.

ஆக, லாபம் முழுவதும் கீழ் கியர்களில். பழைய காரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புகிறவர் கீழ் கியர்களில் எவ்வளவு நேரம் எஞ்சினை முறுக்கப் போகிறார் என்று நேர்மையாக யோசித்தால் ஆசை பாதி அடங்கும். மீதி அடங்க, செலவுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

கனமான பிளைவீல் உள்ள காரை ஐடிலிங்கைவிடச் சற்றே கூடுதலான சுற்றில், நிமிடத்துக்கு 1,200 சுற்றில் வைத்துக் கிளட்சை விட்டால் அது சேமித்து வைத்த சக்தியே காரை நகர்த்திவிடும். லேசான பிளைவீலில் அப்படி விட்டால் எஞ்சின் நின்றுவிடும். ஓட்டுகிறவர் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரை மிதித்து 2,000 சுற்றுக்குக் கொண்டுபோய், அங்கே கிளட்சை வழுக்க விட்டுக் கிளம்பக் கற்றுக்கொள்வார். எஞ்சினை ஒரே சுற்றில் பிடித்து வைத்துக் கிளம்பும்போது கிளட்சில் உண்டாகும் வெப்பம், அந்தச் சுற்றுக்கு ஈடான வேகத்தில் கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமம். மேலே சொன்ன விகிதத்தில், ஆயிரம் கிலோ காருக்கு 1,200 சுற்றில் அது 3.6 கிலோஜூல். 2,000 சுற்றில் 10 கிலோஜூல். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கிளட்சுக்கு இரண்டே முக்கால் மடங்கு சூடு. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்பும் அதே பிளைவீலில்தான் குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் பிளேட் சீக்கிரம் கருகிவிட்டது, தரமில்லாத பிளேட் என்று சொல்பவர்களில் சிலருடைய உண்மையான குற்றவாளி பிளைவீல்.

ஐடிலிங்கும் மாறும். 600 சுற்றில் கடிகாரம் போல நின்ற எஞ்சின், 850க்கோ 900க்கோ உயர்த்தினால்தான் நிற்கும். கேம் ஷாஃப்டை மாற்றியிருந்தால் இன்னும் கூட. கியர்பாக்ஸில் முன்பு கேட்காத கடகடப்பு நியூட்ரலில் கேட்கத் தொடங்கும். பல்சக்கரங்கள் புதிதாகத் தேய்ந்துவிடவில்லை. எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பும் இப்போது அவற்றுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சின்க்ரோமெஷ் (கியர் கோக்கும் முன் சுற்றுகளைத் தானே சமப்படுத்தும் அமைப்பு) இல்லாத பழைய கியர்பாக்ஸில் மேல் கியருக்கு மாற்றும்போது எஞ்சினின் சுற்று இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். கனமான பிளைவீல் இறங்க நேரம் எடுக்கும். அந்தக் கார்களில் கியர் மாற்றுவது பொறுமைக்கான பயிற்சி. அங்கே கொஞ்சம் எடை குறைப்பது உண்மையாகவே ஓட்டுவதைச் சுகமாக்கும். மலைச்சாலைப் பந்தயத்துக்கும் குறுகிய தடத்துக்கும் கூட அப்படியே. குறைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சாலைக் காருக்கு நிலைமத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு என்பதோடு நிற்பது என் பழக்கம்.

கடையலாமா, புதிது வாங்கலாமா

இருக்கிற பிளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைவதுதான் மலிவான வழி. அது எஃகாக இருந்தால், கடைபவருக்கும் அனுபவம் இருந்தால், செய்யலாம். வார்ப்பிரும்பாக இருந்தால் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

சுழலும் விளிம்பில் உண்டாகும் இழுவிசை, வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. 150 மி.மீ. ஆரமுள்ள விளிம்பு 6,000 சுற்றில் வினாடிக்கு 94 மீட்டர் வேகத்தில் போகிறது. அங்கே மெல்லிய வளையம் ஒன்றில் உண்டாகும் இழுவிசை சுமார் 64 மெகாபாஸ்கல். 7,500 சுற்றில் அது 100ஐத் தொடும். சாதாரணச் சாம்பல் வார்ப்பிரும்பு 200 மெகாபாஸ்கல் அளவில் உடையக்கூடியது. காகிதத்தில் இரண்டு மடங்கு பாதுகாப்பு இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த வார்ப்புக்கு ஐம்பது, அறுபது வயது. அதன் முகத்தில் வெப்பத்தால் உண்டான மயிரிழை விரிசல்கள். போல்ட் துளைகளைச் சுற்றி அழுத்தம் குவியும். கடைந்து மெலிந்த இடத்தில் கூரான உள்மூலை ஒன்று விட்டுப்போயிருந்தால் கேட்கவே வேண்டாம். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை தராது. ஒரே நொடியில் துண்டாகும். துண்டுகள் பறக்கும் தளத்தில்தான் ஓட்டுநரின் பாதங்கள் இருக்கின்றன. நேர்கோட்டுப் பந்தயக் கார்களில் கிளட்சைச் சுற்றிக் கனத்த எஃகுக் கவசம் போடும் வழக்கம் வந்ததே இப்படி வெடித்த பிளைவீல்களால்தான்.

எடை குறைய வேண்டுமென்றால் ஒரே எஃகுத் துண்டிலிருந்து கடைந்த புதிய பிளைவீலை வாங்குங்கள். அலுமினியத்திலும் கிடைக்கும், உராயும் முகத்துக்கு எஃகுத் தகடு பதித்திருப்பார்கள். அலுமினியம் வெப்பத்தில் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பதித்த தகடும், ஸ்டார்ட்டர் பற்றிச் சுழற்றும் பல்வளையமான ரிங் கியரும் தளராமல் பிடித்திருப்பது செய்தவரின் திறமையைப் பொறுத்தது. சாலைக் காருக்கு அவ்வளவு லேசானது தேவையும் இல்லை.

பழையதையே வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால் முகத்தை மட்டும் தேய்த்துச் சமப்படுத்த வேண்டியிருக்கும். நீலம் பாய்ந்த புள்ளிகள் தெரிந்தால் அந்த இடத்தில் இரும்பு கடினமாகிவிட்டது என்று பொருள். லேத்தின் கத்தி அந்த இடத்தில் எகிறி மேடு விட்டுவிடும். அரைக்கும் கல்லே சரியான கருவி. சில பிளைவீல்களில் உராயும் முகமும், கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் விசையால் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் முகமும் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். உராயும் முகத்தில் அரை மி.மீ. எடுத்தால் மற்றதிலும் அதே அரை மி.மீ. எடுக்க வேண்டும். மறந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் அந்த அளவு குறையும். புதுக் கிளட்ச் முதல் நாளே வழுக்கும்.

எவ்வளவு பிடி போதும்

கிளட்ச் தாங்கும் முறுக்குவிசைக்குச் சூத்திரம் எளிது: உராய்வுக் கெழு, அழுத்தும் விசை, சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை நான்கையும் பெருக்க வேண்டும். 203 மி.மீ. வெளிவிட்டமும் 146 மி.மீ. உள்விட்டமும் கொண்ட பிளேட்டின் சராசரி ஆரம் 87 மி.மீ. பிளேட்டின் மேல் பதித்த உராயும் பொருள்தான் லைனிங்; சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் கெழு 0.3. பிரஷர் பிளேட் 4,500 நியூட்டன் விசையில் அழுத்துகிறது என்றால், இரண்டு முகங்களுக்கும் சேர்த்து 236 நியூட்டன் மீட்டர்.

1.8 லிட்டர் பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று சுமார் 150 நியூட்டன் மீட்டர் தரும். அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இந்தக் கிளட்ச் தாங்குகிறது. எஞ்சினை மேம்படுத்தி 180க்குக் கொண்டுபோனாலும் 1.3 மடங்கு மிச்சம் இருக்கிறது. சாலைக் காருக்கு அது போதும். மிதமாக மேம்படுத்திய எஞ்சினுக்குத் தொழிற்சாலைக் கிளட்சே போதும் என்று நான் சொல்லும்போது பலர் நம்புவதில்லை. "ஏற்கெனவே வழுக்குகிறதே" என்பார்கள். பின்பக்க சீலிலிருந்து ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டு, கெழு 0.15 ஆக இறங்கினால் தாங்குதிறன் 118 ஆகிவிடும். நல்ல நிலையில் உள்ள எஞ்சினைக்கூட அது பிடிக்காது. அங்கே வேண்டியது புது சீல். இரண்டு மடங்கு அழுத்தும் கிளட்சைப் போட்டால் கசிவை மறைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம், அவ்வளவே.

விட்டத்தைக் கூட்டினால் என்ன கிடைக்கும்? 215 மி.மீ. பிளேட் போட்டால், அதே அழுத்தத்தில், பிடி மூன்று சதவீதம்தான் கூடும். ஆனால் உராயும் பரப்பு நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. பெரிய பிளேட்டின் உண்மையான பரிசு ஆயுளும் சூடு தாங்குவதும்தான். இழுவை வண்டி பூட்டுகிறவர், மலையேறுகிறவர், நெரிசலில் ஓட்டுகிறவர் அழுத்தத்தைக் கூட்டுவதற்கு முன்னால் விட்டத்தைக் கூட்ட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டினால் யார் கட்டுவது? முதலில் இடது கால். அதைவிட அமைதியாக, கிராங்க் ஷாஃப்ட். பெடலை மிதித்திருக்கும் நேரமெல்லாம், கிளட்சை விடுவிக்கப் பிரஷர் பிளேட்டின் நடுவில் அழுத்தும் ரிலீஸ் பேரிங் வழியாக நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசை கிராங்க்கை முன்னோக்கித் தள்ளுகிறது. அதைத் தாங்குபவை திரஸ்ட் வாஷர் எனப்படும் மெல்லிய அரைவட்டத் துண்டுகள். டிரையம்ப் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இந்த விஷயத்தில் பேர்போனவை: வாஷர்கள் தேய்ந்து மெலிந்து, நழுவி, ஆயில் சம்ப்புக்குள் விழுந்துவிடும். அதன்பிறகு கிராங்க்கின் எஃகு நேரடியாக எஞ்சின் பிளாக்கை அரைக்கும். அப்படிப்பட்ட எஞ்சினில் கடினமான பிரஷர் பிளேட் போடுவது பிளாக்கைப் பணயம் வைப்பது. டிரையம்ப் மட்டுமல்ல, எந்தப் பழைய எஞ்சினாக இருந்தாலும் கிளட்ச் வேலைக்கு முன்னும் பின்னும் கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளந்து எழுதி வைப்பது நல்லது. மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இயல்பு. சிக்னலில் கியரைப் போட்டுப் பெடலை மிதித்தபடியே நிற்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடலாம்.

ஸ்பிரிங் வகையிலும் கவனம் வேண்டும். பழைய பிரஷர் பிளேட்டுகளில் ஆறு, ஒன்பது என்று காயில் ஸ்பிரிங்குகளும், அவற்றை விடுவிக்கும் நெம்புகளான மூன்று விரல்களும் இருக்கும். பிளேட் தேயத் தேய ஸ்பிரிங் நீண்டு, அழுத்தம் குறையும்; மிதிக்க மிதிக்கப் பெடல் கனக்கும்; உயர்ந்த சுற்றில் ஸ்பிரிங்குகள் மையவிலக்கு விசையால் வெளிப்பக்கம் வளைந்து பிடி தளரும். 1960களில் பரவலான டயாப்ரம் வகை இந்த மூன்றையும் ஒரே அடியில் தீர்த்தது. ஒரே கூம்புத் தகடுதான் ஸ்பிரிங், அதுவே விரல். பிளேட் தேயும்போது அழுத்தம் முதலில் சற்றுக் கூடவும் செய்கிறது. மிதிக்கும்போது நடுவழி தாண்டியதும் பெடல் இளகிவிடும். பழைய வகையிலிருந்து டயாப்ரமுக்கு மாறுவது, அசல்தன்மை பற்றிக் கவலை இல்லாதவருக்கு, இந்தக் கட்டுரையில் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் ஒரே மேம்பாடு.

மாறும்போது ரிலீஸ் பேரிங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பல பழைய பிரிட்டிஷ் கார்களில் அது குண்டுகள் கொண்ட பேரிங்கே இல்லை. கிராஃபைட் வளையம் ஒன்று, பிரஷர் பிளேட்டின் நடுவில் உள்ள வழுவழுப்பான எஃகு வளையத்தில் உரசும். அந்த எஃகு வளையம் இல்லாத டயாப்ரமில் கிராஃபைட்டை வைத்தால் விரல்களின் நுனிகள் அதைச் சீவியே தீர்த்துவிடும். கிராஃபைட் பேரிங் உள்ள காரில் பெடலின் மேல் காலைச் சும்மா வைத்துக்கொண்டு ஓட்டுவதும் பென்சிலைச் சீவிக்கொண்டே போவது போலத்தான்.

பெடல் கனமாகிவிட்டது என்பதற்காக ஹைட்ராலிக் சிலிண்டரை மாற்றுகிறவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுகிறார்கள். பெடல் பக்கச் சிலிண்டர் 19 மி.மீ., கிளட்ச் பக்கச் சிலிண்டர் 25.4 மி.மீ. என்றால், பெடல் பக்கம் 30 மி.மீ. தள்ளினால் மறுபக்கம் 17 மி.மீ. நகரும். பெடல் பக்கம் சிறிய சிலிண்டர் போட்டால் மிதிப்பது லேசாகும். மறுபக்க நகர்வு குறையும். கிளட்ச் முழுதாக விடுபடாது. ரிவர்ஸ் கியர் கரகரக்கும். விசையும் தூரமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது. இரண்டையும் இலவசமாகத் தரும் சிலிண்டரை யாரும் செய்யவில்லை.

பிளேட்டில் பார்க்க வேண்டியவை

கிளட்ச் பிளேட்டைக் கையில் எடுத்து விளிம்பை விரல்களால் அழுத்திப் பாருங்கள். இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலையலையாக வளைந்த மெல்லிய எஃகு இதழ்கள் தெரியும். அழுத்தினால் சற்றே அமுங்கும். கார் குலுங்காமல் கிளம்புவதன் ரகசியம் அந்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அமுங்கல். நடுவில் உள்ள ஸ்பிரிங்குகள் எஞ்சினின் துடிப்பைக் கியர்பாக்ஸுக்குப் போகாமல் உறிஞ்சுகின்றன. பந்தயத்துக்கான பிளேட்டில் இரண்டும் இருக்காது. செராமிக் துண்டுகள் பதித்த பிளேட் சூட்டைத் தாங்கும், கெழுவும் கூடுதல். ஆனால் அதற்குத் தெரிந்தது பிடி, விடு இரண்டு மட்டுமே. பிளைவீலின் முகத்தையும் சேர்த்துத் தின்னும். கெவ்லர் லைனிங் மென்மையாகப் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர்கள் பொறுமையாகப் பழக்க வேண்டும், ஒருமுறை கருக விட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. சாலைக் காருக்கு ஆர்கானிக் லைனிங்தான் என் தேர்வு. அதில் யோசிக்க அதிகமில்லை.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று. சின்க்ரோமெஷ் உள்ள கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது சின்க்ரோ நிறுத்த வேண்டியது பிளைவீலை இல்லை. கிளட்ச் விடுபட்ட பிறகு அதோடு தொடர்பில் இருப்பது பிளேட் மட்டுமே. கனமான செராமிக் பிளேட்டைப் போட்டால், பிளைவீல் எவ்வளவு லேசாக இருந்தாலும், வயதான சின்க்ரோ வளையங்கள் திணறும்.

கழற்றிய பழைய பிளேட்டின் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

கலந்து பூட்டும்போது

பழைய கார் வைத்திருப்பவர் எல்லோரும் ஒருநாள் வேறு ஆண்டின் பாகத்தைப் பூட்டிப் பார்ப்பார்கள். போல்ட் துளைகள் பொருந்திவிட்டால் பாகமும் பொருந்திவிட்டது என்று நினைப்பது இயல்பு. இரண்டு உதாரணம் போதும்.

வோக்ஸ்வாகன் பீட்டிலில் 6 வோல்ட் காலத்துப் பிளைவீலுக்கு 109 பற்கள், 180 மி.மீ. கிளட்ச். 12 வோல்ட்டுக்கு மாறியபின் வந்ததில் 130 பற்கள், 200 மி.மீ. கிளட்ச். பெரிய பிளைவீலைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்க உறையின் உட்புறத்தை அரைத்து இடம் பண்ண வேண்டும். ஸ்டார்ட்டரும் பற்களுக்கு ஏற்ப மாற வேண்டும். இன்னொன்று இதைவிட எளிதில் தப்பிவிடும். அந்த எஞ்சினில் கிராங்க்கின் முன்பின் ஆட்டம், பிளைவீலுக்குப் பின்னால் உள்ள மூன்று மெல்லிய ஷிம் வளையங்களால் 0.07 முதல் 0.13 மி.மீ. வரை அமைக்கப்படுகிறது. பிளைவீலை மாற்றினால் அந்த அளவும் மாறிவிடும். புதிதாக அளந்து, ஷிம் தேர்ந்தெடுத்து, பிறகே அந்த ஒற்றை நடு நட்டை 343 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும்.

ஃபோர்டின் 289, 302 கன அங்குல வி8 எஞ்சின்கள் இன்னொரு வகை. அவற்றின் கிராங்க் தனியாகச் சமநிலையில் இருக்காது. பிளைவீலில் வேண்டுமென்றே வைத்த ஒருபக்க எடை அதைச் சமன் செய்கிறது. பழைய எஞ்சின்களுக்கு அந்த அளவு 28 அவுன்ஸ் அங்குலம். 1980களின் தொடக்கத்திலிருந்து வந்த 302க்கு 50. புதியதைப் பழையதில் பூட்டினால் எல்லாத் துளையும் பொருந்தும். 5,000 சுற்றில் அந்த வித்தியாசம் கிராங்க்கின் பின்முனையை 440 கிலோ எடைக்குச் சமமான விசையோடு சுற்றிச் சுற்றி இழுக்கும். பேரிங்குகள் எத்தனை நாள் தாங்கும் என்று சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. எந்த எஞ்சினாக இருந்தாலும் புதிய பிளைவீலைப் பிரஷர் பிளேட்டோடு சேர்த்துப் பாலன்ஸ் பார்த்து, இரண்டுக்கும் நேர்நேராகக் குறியிட்டுப் பூட்டுவதுதான் முறை.

ரிங் கியரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய வகை ஸ்டார்ட்டரில் சிறு பல்சக்கரம் ஒரு பக்கத்திலிருந்தும், பின்னாளைய வகையில் மறுபக்கத்திலிருந்தும் வந்து கோக்கும் கார்கள் இருக்கின்றன. பற்களின் சரிவு அந்தந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒவ்வொரு காலையும் பல் நறநறக்கும்.

கடைசியாக, விலையில் மிகச் சிறியதும் தொல்லையில் மிகப் பெரியதுமான பைலட் புஷ். கிராங்க்கின் பின்முனையில் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் வெண்கல வளையம். இது இறுகினால் கிளட்சை மிதித்தாலும் கியர்பாக்ஸ் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். கிளட்ச் விடுபடவில்லை என்று புதுக் கிளட்சைக் குறை சொல்வோம். வெளியே எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். குழிக்குள் கிரீஸை நிறைத்து, புஷ்ஷின் துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் தண்டு ஒன்றை நுழைத்துச் சுத்தியலால் தட்டினால், கிரீஸ் போக வழியில்லாமல் புஷ்ஷைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே கொண்டுவந்துவிடும். முதல் தடவை பார்க்கும்போது மந்திரம் போல இருக்கும். முகத்தில் கொஞ்சம் கிரீஸ் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புதிய புஷ்ஷை முந்தின இரவே எஞ்சின் ஆயிலில் ஊறப் போட்டிருக்க வேண்டும். நுண்துளை உள்ள அந்த வெண்கலம் குடித்த ஆயில்தான் அதற்கு வாழ்நாள் முழுக்கச் சாப்பாடு.

பிளைவீலைப் பூட்டியதும், கிளட்சை வைப்பதற்கு முன், டயல் கேஜை அதன் முகத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். முள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆடினால் கழற்றி, கிராங்க்கின் முகத்தில் துரும்பு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் பழைய பெயின்ட்டின் செதில் ஒன்றுதான் அகப்படும். போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். துளை எஞ்சினுக்குள் திறந்திருந்தால் மரையில் சீலன்ட் தடவ மறக்க வேண்டாம், ஆயில் அந்த வழியாகவும் பிளேட்டுக்கு வரும்.

பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலவற்றில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகு வரிகள் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும், முழுதாக அனுப்பாது. வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். கியர்பாக்ஸ் உறையின் அடியில் ஒரு துளை போட்டு, அதில் ஒரு காட்டர் பின்னைத் தளர்வாகத் தொங்கவிட்டிருப்பார்கள். கார் அதிரும்போது பின் ஆடி ஆடித் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். கசியும் ஆயில் உள்ளே தேங்கிப் பிளேட்டை நனைக்காமல் தரையில் சொட்டும். சுத்தம் பார்க்கிறவர்கள் சொட்டு பிடிக்காமல் அந்தத் துளையை அடைத்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். கியர்பாக்ஸை மேலே தூக்கிப் பூட்டுவதற்கு முன், அந்தப் பின் இருக்கிறதா, விரலால் தொட்டால் ஆடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.